அட்டைக்கு அடியில் ஒரு பாட்டரி

சென்ற ஜனவரியில் திருவொற்றியூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றின் அறிவியல் கண்காட்சிக்குச் சென்றிருந்தோம். எங்களை அழைத்தது அறிவியலுக்காக அல்ல. கண்காட்சியை ஒட்டி நடந்த தமிழ்க் கட்டுரைப் போட்டிக்கு நடுவர்களாக இருக்கும்படி கேட்டிருந்தார்கள். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வசிக்கும் நாங்கள் ஐந்தாறு பேர், ஞாயிறுதோறும் கூடி, வாசித்த கதைகளையும் கவிதைகளையும் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர்கள். அதைத் தவிர நடுவராக அமர எங்களுக்கு வேறு தகுதி கிடையாது.

கட்டுரைகளைத் திருத்தி முடித்தபின், கண்காட்சியையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கூடத்திற்குள் நுழைந்தோம். எரிமலைகள், மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிகள், தெர்மோகோல் இதயங்கள் ஆகியவற்றுக்கு நடுவே ஒரு மேசையில் நான்கு சூரிய மின்வண்டிகள் நின்றன. கைக்கு அடங்கும் பொம்மைக் கார்கள். மேலே கருநீலத் தகடு. அவற்றில் மூன்று, டியூப்லைட் வெளிச்சத்தில் மேசை மீது விர்ரென்று ஓடின. நான்காவது நகரவில்லை. ஏழாம் வகுப்புப் படிக்கும் அதன் சொந்தக்காரன் தகட்டைத் துடைத்தான், கம்பியை முறுக்கினான், சக்கரத்தை விரலால் தள்ளிவிட்டான். பரிசுக்கு மதிப்பெண் போட வந்தவர், "என்னப்பா, ஓடலையே?" என்றார். "வெளிய வெயில்ல வச்சா ஓடும் சார்" என்றான் பையன். "அதெல்லாம் வெளிய கொண்டுபோக முடியாது. இங்க ஓடுதா, சொல்லு" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த மேசைக்குச் சென்றார்.

அவர் நகர்ந்தபின் எங்களில் ஒருவர், ஓடிக்கொண்டிருந்த வண்டிகளில் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தகட்டிற்குக் கீழே ஒட்டியிருந்த அட்டையின் மறுபுறத்தில் இரண்டு பென்சில் பாட்டரிகள் இருந்தன. தகட்டிலிருந்து வந்த இரு கம்பிகளும் எதனோடும் இணையாமல் பசைக்குள் புதைந்து கிடந்தன. மற்ற இரண்டும் அப்படித்தான். சூரியனால் ஓடக்கூடிய ஒரே வண்டி, ஓடாமல் நின்றுகொண்டிருந்த அந்த நான்காவதுதான்.

முதல் பரிசு மூன்று வண்டிகளில் ஒன்றுக்குச் சென்றது. நாங்கள் கைதட்டினோம். இந்தக் கட்டுரையை எழுதவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதற்கு அந்தக் கைதட்டல்தான் காரணம்.

*

அந்தப் பையன் சொன்னது சரிதானா என்று பார்ப்பதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தரையின் மீது ஏறக்குறைய 1000 வாட் ஆற்றல் விழுகிறது. வண்டியின் மேலிருந்த தகட்டை 10 சென்டிமீட்டர் நீளம், 6 சென்டிமீட்டர் அகலம் என்று கொள்வோம். அதன் மீது விழுவது சுமார் 6 வாட். சாதாரணச் சிலிக்கான் தகடு அதில் ஆறில் ஒரு பங்கை மின்சாரமாக மாற்றினாலும், கையில் கிடைப்பது 1 வாட். ஒரு சிறு மோட்டாரைச் சுற்றுவதற்கு இது போதும்.

கூடத்திற்குள் வந்தால் கதை வேறு. வெயிலின் வெளிச்சம் சுமார் 1 லட்சம் லக்ஸ் என்றால், நல்ல விளக்குகள் உள்ள வகுப்பறையில் இருப்பது 300 அல்லது 400 லக்ஸ். நம் கண், மங்கலுக்கும் பிரகாசத்திற்கும் தன்னை உடனே பழக்கிக்கொள்வதால், அறைக்குள்ளும் வேண்டிய வெளிச்சம் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. தகடு அப்படி ஏமாறுவதில்லை. அதற்கு வெளிச்சம் முந்நூறில் ஒரு பங்காகிவிட்டது. 1 வாட் தந்த தகடு இங்கே சில மில்லிவாட் தந்தால் அதிகம். மோட்டார் முனகக்கூட முடியாது. ஆக, அந்தக் கூடத்தில் சூரியவண்டி ஓடாமலிருப்பதே இயற்பியல். ஓடியிருந்தால்தான் மேசைக்கு வந்தவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவரோ சரியான விடைக்குச் சுழியமும் தவறான விடைக்குப் பரிசும் தந்துவிட்டுப் போனார்.

அவரைக் குறை சொல்லி முடித்துவிட எங்களால் இயலவில்லை. அன்று காலை நாங்கள் திருத்திய கட்டுரைகளின் தலைப்பு, 'சூரிய ஆற்றலே வருங்காலம்'. முப்பதுக்குக் குறையாத கட்டுரைகள். பெரும்பாலானவை ஒரே வாக்கியத்தில் தொடங்கின, ஒரே மேற்கோளில் முடிந்தன. ஏதோ ஒரு துணைநூலிலிருந்தோ, யாரோ எழுதிக்கொடுத்த தாளிலிருந்தோ வந்தவை. தன் வீட்டு மொட்டைமாடியில் வடகம் காய்வதைப் பற்றி, எழுத்துப்பிழைகளோடு, இரண்டு பக்கம் எழுதியிருந்த ஒரு சிறுமிக்கு நாங்கள் பரிசு தரவில்லை. பிழையில்லாமல் மனப்பாடம் செய்திருந்தவருக்குத் தந்தோம். அட்டைக்கு அடியில் பாட்டரி இருப்பதைக் கண்டுகொள்ளாதவர் அன்று அவர் ஒருவர் மட்டுமல்லர்.

*

குழந்தைகள் பொய் சொல்லிவிட்டார்கள் என்று எழுதுவது எளிது. ஆனால் அந்தப் பாட்டரியை வைத்த கை பெரும்பாலும் குழந்தையின் கையாக இருப்பதில்லை. பள்ளியில் 'ப்ராஜெக்ட்' என்று ஒரு வெள்ளிக்கிழமை சொல்கிறார்கள்; திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். அப்பா துறைமுகத்திலோ கண்டெய்னர் கிடங்கிலோ இரவுப் பணி முடித்து வந்து உறங்குகிறார். அம்மா எழுதுபொருள் கடைக்கு ஓடுகிறாள். அங்கே சில நூறு ரூபாய்க்கு எல்லாம் அடங்கிய பெட்டி கிடைக்கிறது: தகடு, மோட்டார், சக்கரங்கள், ஒட்டவேண்டிய இடங்கள் அச்சிட்ட அட்டை. அரை மணி நேரத்தில் வண்டி தயார். விளக்கின் கீழே வைத்துப் பார்த்தால் ஓடவில்லை. மறுநாள் மானம் போய்விடுமே என்று வீட்டிலிருக்கும் யாரோ ஒருவர், அண்ணனோ மாமாவோ, ரிமோட்டிலிருந்து இரண்டு பாட்டரிகளைக் கழற்றி அட்டைக்கு அடியில் வைத்துவிடுகிறார். அன்பினால் செய்வதுதான். ஆனால் அந்த இரவில் பிள்ளை கற்றுக்கொள்வது ஒளிமின்னியலை அல்ல. கேட்கிறவருக்கு வேண்டியதைக் காட்டிவிட்டால் போதும் என்பதை.

ஆசிரியரின் பக்கமும் நியாயம் உண்டு. ஐம்பது பிள்ளைகள், முடிக்கவேண்டிய பாடம், நிரப்பவேண்டிய படிவங்கள். ஒவ்வொரு வண்டியையும் திருப்பிப் பார்க்க அவருக்கு நேரமில்லை. மேலதிகாரி வரும்போது எல்லாம் ஓடவேண்டும், விளக்கெரிய வேண்டும். கண்காட்சி என்ற சொல்லிலேயே காட்சிதான் இருக்கிறது, சோதனை இல்லை.

'பொம்மைதானே, அதற்குப்போய் இவ்வளவு பேச்சா?' என்று வாசகர்கள் நினைக்கலாம். பொம்மை என்பதனாலேயே பேசவேண்டியிருக்கிறது. 1954 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் முதன்முதலில் நடைமுறைக்கு உதவும் சிலிக்கான் சூரிய மின்கலத்தை உலகுக்கு அறிவித்தபோது, அதைக்கொண்டு அவர்கள் சுழற்றிக் காட்டியது ஒரு பொம்மை ராட்டினத்தை. அந்த மின்கலத்தின் திறன் ஏறத்தாழ 6 விழுக்காடு. அடுத்த ஆண்டு, 1955 ஆகஸ்ட் 31 அன்று, சிகாகோவில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கண்காட்சியில் வில்லியம் காப் என்ற பொறியாளர் 'சன்மொபீல்' என்ற வண்டியை ஓட்டிக்காட்டினார். உலகின் முதல் சூரிய மின்கார் என்று நூல்கள் குறிப்பிடுவது இதைத்தான். அதன் நீளம் 15 அங்குலம். 12 செலினியம் மின்கலங்கள், ஒரு சிறு மோட்டார். அதாவது, சூரியக் காரின் வரலாறு ஒரு பொம்மைக் காரிலிருந்தே தொடங்குகிறது. 1982 டிசம்பரில் ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப்பும் லாரி பெர்க்கின்ஸும் தங்கள் சூரியவண்டியில் பெர்த்திலிருந்து புறப்பட்டு, 20 நாட்களுக்குள் ஆஸ்திரேலியக் கண்டத்தைக் கடந்து சிட்னியை அடைந்தார்கள். இடையே கழிந்தது ஒரு தலைமுறைக் காலம் மட்டுமே. தங்கள் பொம்மையின் அடியில் பாட்டரியை ஒளித்துவைத்திருந்தால் அந்தப் பாதை அன்றே முடிந்திருக்கும்.

*

வடசென்னையில் இருந்துகொண்டு இதைச் சொல்வதில் ஒரு தனி வருத்தம் உண்டு. சக்கரத்தையும் மின்சாரத்தையும் பற்றிக் குழந்தைக்குச் சொல்லித்தர இந்தக் கரையைப் போல வேறொரு இடம் தமிழ்நாட்டில் அமைவது அரிது. தென்னிந்தியாவின் முதல் ரயில், 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946-இல் தொடங்கியது திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில். அங்கே அப்போது செய்தது டயர் அல்ல, குழந்தைகள் விளையாடும் பலூன். 1948-இல் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி, பிறகு அசோக் லேலண்டாகி லாரிகளைச் செய்தது. 1955-இல் அமைந்த என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட்டுகள் திருவொற்றியூரிலிருந்தே நாடெங்கும் சென்றன. மெட்ரோ நிலையமொன்றின் பெயரில் இன்றும் வாழும் விம்கோ, தீக்குச்சி செய்த தொழிற்சாலை. பலூன், தீக்குச்சி, சக்கரம்: ஒரு குழந்தை பொம்மை செய்யக் கேட்கும் பொருள்கள் அத்தனையும் இந்த நெடுஞ்சாலை ஓரத்தில் உற்பத்தியாகியிருக்கின்றன.

ஆகவே இங்குள்ள தெருக்களில் நான்கு வீட்டுக்கு ஒரு வீட்டிலாவது லேத் தெரிந்தவரோ, பற்றவைக்கத் தெரிந்தவரோ, மோட்டாருக்குச் சுருள் கட்டத் தெரிந்தவரோ இருப்பார். பணி ஓய்வு பெற்றுத் திண்ணையில் நாளிதழ் வாசித்துக்கொண்டிருப்பார். அவருடைய பேரன் எழுதுபொருள் கடையில் பெட்டி வாங்கிக்கொண்டிருப்பான். தாத்தாவின் கையிலிருக்கும் அறிவுக்கும் பேரனின் மதிப்பெண்ணுக்கும் இடையே ஒரு பாலம் இல்லை. தாத்தா அறிந்ததை அவரே படிப்பு என்று கருதுவதில்லை, பள்ளியும் கருதுவதில்லை.

கண்காட்சிக்கு அடுத்த ஞாயிறு, அந்த நான்காவது வண்டிக்காரனை அவன் பெற்றோரின் அனுமதியோடு எங்கள் கூட்டத்திற்கு அழைத்தோம். வாசிக்க எடுத்துவந்த சிறுகதையை ஓரமாக வைத்துவிட்டு, அவன் வண்டியை மொட்டைமாடி வெயிலில் வைத்தோம். நகர்ந்தது, ஆனால் தள்ளிவிட்டால்தான் நகர்ந்தது, நாலடி சென்று நின்றது. கீழ்வீட்டுப் பெரியவர், ஒரு தொழிற்சாலையின் பல்சக்கரப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவர், எங்கள் சத்தம் கேட்டு மேலே வந்தார். வண்டியை ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா தம்பி, மோட்டாரை நேரா சக்கரத்துல மாட்டிக்கினு இருக்கே? அதுக்கு வேகம் கீது, பலம் இல்ல. பல்லை மாத்து" என்றார்.

பாடநூலில் அரைப் பக்கத்தில் முடிந்துபோகும் ஒரு விஷயத்தை அவர் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து காட்டினார். சிறு மோட்டார் நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றும்; ஆனால் அதன் முறுக்கு விசை மிகக் குறைவு. மோட்டாரில் 10 பற்கள் கொண்ட சக்கரமும், வண்டியின் அச்சில் 50 பற்கள் கொண்ட சக்கரமும் இருந்தால், வேகம் ஐந்தில் ஒன்றாகும்; உராய்வில் இழப்பது போக, விசை ஏறத்தாழ ஐந்து மடங்காகும். லாரி மேட்டில் ஏறும்போது ஓட்டுநர் கியரைக் குறைப்பது இதற்காகத்தான். பையன் தன் வாழ்நாளில் ஆயிரம் லாரிகளைப் பார்த்திருப்பான். எண்ணூர் நெடுஞ்சாலையில் இரவு முழுதும் அவை வரிசையில் நிற்கும். அன்றுதான் ஒரு லாரி அவனுக்குப் புரிந்தது.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் வண்டி உருமாறியது. பழைய சி.டி. ப்ளேயரிலிருந்து எடுத்த மோட்டார். அதற்குள்ளேயே இருந்த பிளாஸ்டிக் பல்சக்கரங்கள். அச்சுக்குச் சைக்கிள் கம்பி. அந்த அச்சு வழுக்கிச் சுழல்வதற்குத் தீர்ந்துபோன பேனா ரீஃபில் துண்டு. சக்கரத்திற்கு பாட்டில் மூடி, அதன் விளிம்பில் பிடிப்புக்காக பலூனிலிருந்து வெட்டிய ரப்பர் வளையம். தகடு மட்டும் விலைக்கு வாங்கியது. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே பாடமாக இருந்தது. ஒரு சிலிக்கான் மின்கலம், பெரிதானாலும் சிறிதானாலும், தருவது ஏறத்தாழ அரை வோல்ட்தான் என்பதும், அதனால் ஆறு துண்டுகளை வரிசையாகக் கோத்தால்தான் 3 வோல்ட் கிடைக்கும் என்பதும் அப்படித் தெரிந்தவை. வரிசையில் ஒரே ஒரு துண்டின் மீது விரல் நிழல் விழுந்தாலும் மொத்த வண்டியும் நின்றுவிடுவதைப் பார்த்து, அவன் திரும்பத் திரும்ப விரலை வைத்தும் எடுத்தும் விளையாடினான். வெயில் கூடக்கூட வண்டி வேகமாகத்தானே ஓடவேண்டும், ஏன் ஒரு மணிக்குச் சற்றுத் தளர்கிறது என்று ஒருநாள் கேட்டான். தகடு சூடேறினால் அதன் திறன் குறையும். ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் சுமார் 0.4 விழுக்காடு. சென்னையின் கோடையில் தகடு 60 பாகையைத் தொட்டால், 25 பாகையில் தந்ததைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு போய்விடும். வெயில் வேறு, வெப்பம் வேறு என்ற பேதத்தை எங்களில் பலரும் அன்றுதான் சரியாக உணர்ந்தோம் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

*

ஆனால் எங்களை உலுக்கிய கேள்வி வேறு. ஒரு வாரம் மாடியிலேயே விட்டுவைத்த வண்டி, அடுத்த ஞாயிறு சோம்பலாக ஓடியது. பையன் விரலால் தகட்டைத் தொட்டான். விரல் சாம்பல் நிறமானது. துடைத்தான், வண்டி பழைய வேகத்தில் ஓடியது. "இது எங்கேர்ந்து வருது?" என்று கேட்டான்.

எண்ணூரில் வளரும் பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்காமலே வளர்ந்துவிடலாம். துடைப்பம் கொண்டு தாயார் தினமும் பெருக்குவதுதான் அது. துவைத்த துணியின் மீது படிவதுதான் அது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் இயங்கத் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையமும், அருகே வல்லூர் அனல்மின் நிலையமும் இயங்குகின்றன. அவற்றுக்கான நிலக்கரியைக் கருதியே 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. 2014-இல் அதற்குக் காமராசர் துறைமுகம் என்று பெயர் மாறியது. சாம்பல் குழாய்களின் கசிவும், கொசஸ்தலையாற்றிலும் கழிமுகத்திலும் சாம்பல் படிந்ததும் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற செய்திகள். இவையெல்லாம் பெரியவர்களின் நாளிதழில் இருந்தன. பையனின் விரலில் அது இருந்ததை அன்றுதான் பார்த்தோம்.

அவனுக்கு உடனே ஒரு விடையைச் சொல்லிவிட வேண்டாம் என்று முடிவு செய்தோம். விரலில் ஒட்டியது நிலக்கரிச் சாம்பலா, லாரிகள் கிளப்பிய புழுதியா, கடற்காற்றின் உப்பா, அல்லது எல்லாம் கலந்ததா என்பதை விரலைப் பார்த்துச் சொல்லமுடியாது. எங்கள் கோபத்தை அவன் முடிவாக எழுதிக்கொள்வதும் மனப்பாடம்தானே! பதிலாக ஒரே மாதிரி இரண்டு சிறு தகடுகளை மாடியில் வைத்தோம். ஒன்றைத் தினமும் காலையில் ஈரத்துணியால் துடைக்கவேண்டும், மற்றதைத் தொடக்கூடாது. நண்பகலில் மல்டிமீட்டரால் இரண்டின் மின்னோட்டத்தையும் அளந்து நோட்டில் குறிக்கவேண்டும். மூன்றாம் நாளே மீட்டரின் முள் இரண்டு தகடுகளுக்கும் வெவ்வேறு இடத்தில் நின்றது. நோட்டில் தேதி, நேரம், மேகம் உண்டா இல்லையா, காற்று எந்தப் பக்கம் என்று அவனே கட்டங்கள் போட்டுக்கொண்டான். காற்றின் திசையைக் குறிக்கும்படி நாங்கள் சொல்லவில்லை.

அந்த நோட்டுக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் அந்தக் கூடத்தில் வைத்திருந்த எல்லாப் பொருள்களையும்விட அறிவியல் அந்த நோட்டில்தான் இருக்கிறது என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

*

இதற்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1975-இல் பட்டம் பெற்ற அரவிந்த் குப்தா, புனேயில் டெல்கோ லாரித் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தவர். 1978-இல் விடுப்பெடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமங்களில் நடந்துகொண்டிருந்த அறிவியல் கல்வித் திட்டத்திற்குச் சென்றார். வாரச்சந்தையில் வாங்கிய சைக்கிள் வால்வ் ட்யூபைத் துண்டு துண்டாக நறுக்கி, தீக்குச்சிகளை அதில் செருகி, முக்கோணம் முதல் வீடு வரை வடிவங்கள் செய்துகாட்டினார். அதன்பின் நாற்பதாண்டுகளுக்கு மேலாகக் குப்பையிலிருந்து பொம்மைகள் செய்வதையே பணியாகக் கொண்டார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். லாரி செய்த கை பொம்மை செய்ய வந்ததை ஓர் இறக்கமாகக் கருதாதவர் அவர். லாரியும் தீக்குச்சியும் செய்த எங்கள் ஊருக்கு அவரைவிடப் பொருத்தமான ஆசான் கிடையாது.

நம் தமிழ்நாட்டிலேயே, திருவண்ணாமலையைச் சேர்ந்த பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், தன் தெருவில் துணி தேய்ப்பவர் கரியைக் கொட்டுவதைப் பார்த்து, சூரிய மின்சாரத்தால் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். அதற்காக 2020-இல் ஸ்வீடனின் குழந்தைகள் பருவநிலைப் பரிசைப் பெற்றார். 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார். அவருடைய வண்டியும் கடைப் பெட்டியிலிருந்து வந்ததல்ல. தெருவில் கண்ட ஒரு கரிக்குவியலிலிருந்து வந்தது. எண்ணூர்ப் பிள்ளைகளுக்குக் கரி பார்க்கத் தெருவைத் தாண்டவேண்டிய அவசியமேயில்லை.

*

சில ஆட்சேபங்களை நாங்களே எழுப்பிப் பார்த்துக்கொண்டோம். மழை வந்தால்? மேகம் மூடினால்? அன்று வண்டி ஓடாது. ஓடாது என்பதை எழுதிவைக்கட்டும். சூரிய மின்சாரத்தின் மிகப்பெரிய சிக்கலே அதுதான் என்பதைப் பிள்ளை தன் கையாலேயே அறிந்துகொள்ளும். பாட்டரி என்பதே பாவமா? இல்லவே இல்லை. வெயிலில் மின்னேற்றிய பாட்டரியைக் கொண்டு கூடத்திற்குள் ஓட்டிக்காட்டினால், அது மற்றவற்றைவிட ஒருபடி மேலான வேலை. ஆனால் அந்தப் பாட்டரி அட்டைக்கு மேலே, எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கவேண்டும். எத்தனை மணி நேரம் வெயிலில் வைத்தோம், எத்தனை நிமிடம் ஓடியது என்று பக்கத்தில் எழுதியிருக்கவேண்டும். ஏழைப் பிள்ளைகள் தகடு வாங்க எங்கே போவார்கள்? வகுப்புக்கு நான்கு தகடுகள் போதும். பள்ளி வாங்கி வைத்துக்கொண்டு, முறைவைத்துக் கொடுக்கலாம். ஆளுக்கொரு கடைப் பெட்டியைவிட அது மலிவு.

எங்கள் கோரிக்கைகள் எளியவை. சூரியவண்டிகளுக்கான கண்காட்சியைக் காலை பத்திலிருந்து இரண்டு மணிக்குள் விளையாட்டு மைதானத்தில் நடத்துங்கள். சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நட்டுவைத்த கம்பியின் நிழல் அதன் காலடியிலேயே மறையும். ஆகஸ்டில் அந்த நாள் பள்ளி நாளாகவே அமையக்கூடும். பரிசு தருவதென்றால் வண்டியின் வேகத்திற்கு மட்டும் தராமல், என்னென்ன பழுதுகள் வந்தன, எப்படிச் சரிசெய்தோம் என்று பிள்ளை எழுதிய குறிப்பேட்டிற்கும் தாருங்கள். தெருவில் ஓய்வாக இருக்கும் லேத்துக்காரரையும் எலக்ட்ரீஷியனையும் நடுவர்களாக அழையுங்கள். எங்களைப் போன்ற கதை வாசிப்பவர்களைவிட அவர்களுக்கு அந்த நாற்காலி பொருந்தும். அவர்கள் எந்த வண்டியைக் கையில் எடுத்தாலும் முதலில் திருப்பித்தான் பார்ப்பார்கள்.

எங்களுக்கும் ஒரு தீர்மானம் உண்டு. இனி எந்தக் கட்டுரைப் போட்டிக்கு நடுவராகச் சென்றாலும், வடகம் காய்வதைப் பற்றி எழுதிய சிறுமியைத் தேடுவோம்.

மொட்டைமாடியில் நின்றால் வடக்கே புகைபோக்கிகள் தெரியும். கூடத்தில் எரிந்த டியூப்லைட்டுகளுக்கு மின்சாரம் அந்தத் திசையிலிருந்தும் வந்திருக்கும். நகரம் தன் விளக்குகளை மேசைமேல் வைத்துக் காட்டுகிறது. அவற்றை எரியவைக்கும் கரியும் சாம்பலும் எங்கள் பக்கத்தில், அட்டைக்கு அடியில் இருக்கின்றன. இதை ஒரு பிள்ளைக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அட்டையைத் திருப்பிப் பார்ப்பது தவறல்ல என்று மட்டும் சொல்லித்தந்தால் போதும்.

பையனின் நோட்டு இப்போது ஐம்பதாவது பக்கத்தைத் தாண்டிவிட்டது. வரும் ஆண்டுக் கண்காட்சிக்கு வண்டியோடு அதையும் எடுத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறான். கூடத்திற்குள் வைத்தால் அவன் வண்டி இந்த முறையும் ஓடாது. அந்த மேசையருகே இம்முறை நாங்களும் நிற்போம். கைதட்டுவதற்கு முன் கதவைத் திறந்து வெயிலுக்கு வரும்படி கேட்போம்.